தேசிய அரங்கில் குகதாசன்

இரண்டு பேர் சேர்ந்து தேநீர் குடித்தாலே அதற்கு ஒரு தலைவர் வேண்டும் என்று துடிக்கிற ஓர் இனம் உண்டு. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் அதற்குப் பஞ்சமே இல்லை. அங்கே லூயி-பிளாங் தெருவில் போன் கடை வைத்திருக்கும் குகதாசன் அதில் உயர்ந்த ரகம்.

அவருக்கு வழிகாட்டி ஓர் அமெரிக்கர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாநில சட்டசபைக்குப் போய், அங்கிருந்து தேசிய நாடாளுமன்றத்துக்கு உயர்ந்து, தோற்று, வெட்கப்படாமல் மறுபடி மாநில சபைக்கே திரும்பி, சாகும்வரை ஏதாவதொரு நாற்காலியை விடாமல் பிடித்திருந்த மனிதர். இணையத்தில் அவர் வாழ்க்கையை வாசித்த அன்றே குகதாசனுக்குத் தன் பாதை துலங்கிவிட்டது. அவர் இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் பியர்ஃபித் ஊர்க் கிளைதான் மாநிலம். பிரான்ஸ் முழுமைக்குமான சம்மேளனம்தான் தேசம். சம்மேளனம் என்ன செய்கிறது என்கிறீர்களா? கூடுகிறது.

"அந்த மனுசன் குதிரையிலை கிழமைக்கணக்காப் போய்ச் சபையிலை இருந்தவர், தெரியுமே?" என்பார், கடைக்கு வரும் கரிகாலனிடம்.

"ஓம் அண்ணை. என்ரை போன் திருத்தியாச்சே?"

"அது செயற்குழுவின்ரை பரிசீலனையிலை இருக்கு, தம்பி."

சம்மேளனத் தேர்தல் வந்தது. பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் மண்டபம். தலைவர் பதவிக்கு யார் போட்டி என்று கேட்டதும் வந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அத்தனை பேரும் தமக்குப் பதவி ஆசை இல்லை என்று நீளமாகப் பேசினார்கள். பிறகு அத்தனை பேரும் தமக்கே வாக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஒன்று. குகதாசனின் கையிலிருந்து தேசம் நழுவிக்கொண்டிருந்தது.

இன்னும் வாக்களிக்காத ஒரே உறுப்பினர், சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்த குகதாசனின் மனைவி மிருணாளினி. வேட்பாளர்கள் அங்கே ஓடினார்கள். ஒருவர் வெங்காயம் உரித்தார். ஒருவர் பாத்திரம் கழுவினார்.

"நீர் ஆருக்குப் போடப்போறீர்?" குகதாசன் அவர்களை விலக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"உங்களுக்குத்தான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "என்ரை கொள்கையை விளங்கிக்கொண்டது நீர் ஒராள்தான்."

"கொள்கை ஒண்டும் எனக்குத் தெரியாது. நீங்கள் தோத்தால் வீட்டிலையெல்லோ வந்து சபை கூட்டுவியள்."

வென்ற குகதாசன் ஒலிவாங்கியைப் பிடித்து, தான் அதிகம் பேச விரும்பவில்லை என்று தொடங்கினார். முடித்தபோது மண்டபக்காரர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நானாக இருந்தால் சுருக்கமாக, அழகாகப் பேசியிருப்பேனே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டீர்களா? வீட்டில் உள்ளவர்களிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.