நம்ம சண்டைதாம்லே சண்டை

பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களில் வாயே திறக்காத ஒரு வகை உண்டு. அவர்களை விடுங்கள். நான் சொல்ல வந்தது சண்டை அளப்பவரைப் பற்றி. தாம் போன சண்டையைத் தவிர உலகத்தில் வேறு சண்டையே நடக்கவில்லை என்று சாதிப்பவர் இவர்.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் அருமைநாயகம் அண்ணாச்சி. பர்மாவில் ஜப்பான்காரனோடு மோதிய ஹவில்தார். காப்பி ஆறினால் பர்மா, மழை வலுத்தால் பர்மா, கல்யாணப் பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால், பசியோடு நாள் கணக்கில் குண்டு மழையில் கிடந்து மலையைப் பிடித்த கதை. மலையைப் பிடித்தீர்கள், சரி. சாம்பார் வாளியை யார் பிடிப்பது?

அறுபத்து மூன்றாம் வருஷம், குற்றாலத்தில் நல்ல சாரல். மெயினருவியில் குளித்துவிட்டு, அண்ணாச்சி மனைவி ரெபேக்காள் கட்டி வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தோம். அப்போது ஈரத் துண்டோடு நொண்டியபடி வந்தான் சங்கரபாண்டி. பக்கத்துத் தெருப் பையன். சீனாச் சண்டைக்குப் போய்த் திரும்பியவன். வலது காலில் இரண்டு விரல் இல்லை.

அண்ணாச்சி அளவுகோலை எடுத்தார்.

"ஏலே, எத்தனை பேரைச் சுட்டே?"

"ஒருத்தரையும் சுடல அண்ணாச்சி. பனியில துப்பாக்கியே இறுகிப் போச்சு."

"எந்த மலையைப் பிடிச்சிய?"

"இருந்த மலையை விட்டுட்டுல்லா வந்தோம். குண்டடி பட்ட ஒருத்தனைத் தூக்கிக்கிட்டுப் பனியிலயே நடந்தேன். விரலு கருத்துப் போச்சு."

"சுடலை, பிடிக்கலை, திரும்பி நடந்தே. இதுக்குப் பேரு சண்டையாலே? நாங்க பர்மாவுல..."

சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ரெபேக்காள் கரண்டியை வைத்தாள்.

"நாப்பத்திரண்டுல நீங்க எப்படி வந்திய? ஜப்பான்காரன் விரட்ட, காடு காடா நடந்து, காய்ச்சலோட எலும்பும் தோலுமா வந்து நின்னிய. எத்தனை பேரைச் சுட்டியன்னு நான் கேட்டனா? கஞ்சில்லா வச்சுத் தந்தேன்!"

அந்தப் பர்மாவை நாங்கள் கேட்டதே இல்லை. எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பிறகு மறுபடி போய் ஜெயித்த பர்மா.

அண்ணாச்சி இலையில் சாதத்தை ஓரமாக ஒதுக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீ தூக்கிட்டு வந்தியே, அவன் பொழைச்சானாலே?"

"பொழைச்சான் அண்ணாச்சி. பஞ்சாப்காரன். தை மாசம் கல்யாணம், வரச் சொல்லுதான்."

"இங்கன உக்காருலே." தம் இலையை அவன் பக்கம் தள்ளினார். கண் கலங்கியிருந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தோம்.

"ஆனா ஒண்ணு. நாப்பத்திரண்டுல நானும் ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தேன். உன் பஞ்சாப்காரனைவிட அவன் கனம் ஜாஸ்திலே!"

சங்கரபாண்டிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. ரெபேக்காள்தான் தலையில் தட்டினாள்.

"நான் பட்டாளத்துப் பக்கமே போனதில்லை, எனக்கென்ன" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். போன வாரம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த நண்பரைப் பார்க்கப் போனீர்களே, சாத்துக்குடியைக் கையில் கொடுத்துவிட்டு முதலில் என்ன சொன்னீர்கள்? "இதெல்லாம் ஒரு காமாலையா? எனக்கு வந்தது பாருங்கள்..."