டபுள் பேஸுக்கு நல்லெண்ணெய்

பக்தி கூடினால் கை சும்மா இராது. என் கை அப்படிப்பட்டது.

வெள்ளவத்தையில் எனக்குத் தையல் கடை. ஆயுத பூசைக்கு மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்துக் கும்பிடுவது வழக்கம். அந்த வருடம் என் மனைவியின் தம்பி ரமணனின் டபுள் பேஸும் எங்கள் வீட்டில் நின்றது. ஆளை விட உயரமான வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அணைத்துப் பிடித்து, தந்தியை விரலால் சுண்டி ஜாஸ் வாசிப்பான். ஹோட்டல்களில் வாசித்துக்கொண்டே பிள்ளைகளுக்கும் படிப்பித்து வந்தவன். அன்று பின்னேரம் அவனுடைய மாணவர்களின் கச்சேரி; அவனும் கூட நின்று பேஸ் வாசிப்பான். ஓர் இசைப் பள்ளியின் அதிபர் அதைப் பார்த்துவிட்டு, அவனை ஆசிரியராக எடுப்பதா இல்லையா என்று சொல்வதாக இருந்தது.

அவனுக்கு நல்லது நடக்கவேண்டுமே என்று பேஸுக்கும் பூசை செய்தேன். மெஷின் எண்ணெய் போட்டால் மரியாதையில்லை என்று, சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துத் தந்திகளில் மேலிருந்து கீழ்வரை தடவினேன். (மிச்சம் வைக்கவில்லை. சாமி காரியத்தில் நான் கஞ்சனில்லை.)

மேடையில் முதல் பாட்டிலேயே விரல் வழுக்கியது. சுருதி எங்கேயோ போய் நின்றது. கூட வாசித்த பிள்ளைகள் முழித்தார்கள். அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். ரமணன் விரலை மோந்து பார்த்தான். பிறகு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான்.

"அத்தான், எண்ணெய் பூசினீங்களோ?"

"ஓம், பூசைக்கு..."

"சால்வையோட மேல வாங்கோ."

"சனம் பாக்குதடா."

"பாக்கட்டும். வாங்கோ."

வேட்டியும் திருநீறுமாக மேடையில் முழந்தாளிட்டு, தோளில் கிடந்த சால்வையால் தந்திகளைத் துடைத்தேன். அவன் கோபிக்கவில்லை. துடைத்த தந்தியையும் துடைக்காததையும் மாறி மாறிச் சுண்டினான்.

"பிள்ளையள், என்ன வித்தியாசம்?"

"எண்ணெய்த் தந்திக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்கு, சேர்."

சபை சிரித்தது. கடைசித் தந்திக்கு வரும்போது பிள்ளைகள் கண்ணை மூடிக் கேட்டே எது எதென்று சொன்னார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். எனக்கு ஜாஸ் விளங்காது. ஆனால் ஆடிவேல் விழாவுக்குக் கொழும்புக் காலி வீதியில் முருகனின் வேல் ரதம் நகரும்போது நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு வருமே, அது வந்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"நல்லா வாசிப்பீங்க எண்டு முந்தியே தெரியும்," என்றார் அதிபர். "படிப்பிக்கிறதை இண்டைக்குப் பாத்தன். வந்து சேருங்கோ."

முருகன் கைவிடவில்லை. என் மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.

இப்போது அந்தப் பள்ளியில் தந்தி துடைக்கும் துணிக்கு 'அத்தான்' என்று பெயர். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை கேட்டதை என் மனைவி கலியாண வீடு விடாமல் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

"சேர், அத்தான் சரியான ஊத்தை. தோய்ச்சுக் கொடியில போடட்டோ?"