கூரை போடாத அழைப்பு

என் குடிபுகுதலுக்கு வந்திருந்தவர்கள்: களுதாவளையில் இருந்து அக்கா, அத்தான், பக்கத்து வளவுப் பூமணி மாமி, நான். நூற்று நாற்பது பேருக்குச் சமைத்த சோறும் இருந்தது. அதையும் சேர்த்தால் சபை நிறைந்துதான் இருந்தது.

வவுணதீவில் இப்படியான நிகழ்வுக்கு வீடு வீடாகப் போய்த்தான் சொல்லவேண்டும். எனக்கோ அடுத்த வீட்டுப் படலையைத் திறக்கவே நெஞ்சு அடிக்கும். (நாய் நின்றால்? நான் ஆரென்று கேட்டால்?) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பத்து வருடமாக ஒரு வாடகை அறைக்குள் கணினியோடு மட்டும் கதைத்தவன். ஒருநாளாவது ஊரோடு இருந்து சாப்பிட ஆசை. கூப்பிடத்தான் பயம். ஆகவே குறுஞ்செய்தி.

அனுப்பும் தளம், எண்ணின் முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 போடச் சொன்னது. ஊர்ச் சங்கத்தில் இருந்து கிடைத்த எண் பட்டியலைப் பைதன் நிரலில் வைத்து, ரெகெக்ஸ் என்ற தேடி மாற்றும் கட்டளையால் ஒரே வரியில் எல்லா எண்களையும் மாற்றினேன். என் எண்ணுக்குச் சோதித்தேன். டிங் என்று வந்தது. என்னை நானே அழைத்துக்கொண்ட பெருமையில் மற்றவர்களுக்கும் அனுப்பினேன்.

மத்தியானம் ஒரு மணி.

“எங்கடா தம்பி ஊர்?” என்றாள் அக்கா.

“வருவாங்க அக்கா.”

“எப்ப, நாளைக்கா?”

படலையில் பூமணி மாமி மட்டும் நின்றார். “நீ சொல்லல்லதான் மனே. புகை வந்திச்சு, வந்தன்.”

“மெசேஜ் வரல்லயா மாமி?”

“என்ன மெசேஜ்?”

கணினியைத் திறந்தேன். எங்கள் ஊரில் ஒரே ஒரு கம்பனிக்குத்தான் சிக்னல். மற்ற எல்லார் எண்ணும் 070 என்று தொடங்கும். தொடக்கத்தை மட்டும் பிடி என்று சொல்லும் ^ குறியை நான் போடவில்லை. உள்ளே கிடந்த பூச்சியமெல்லாம் 94 ஆகி, எண்கள் நீண்டு, செய்தி எங்கும் போகவில்லை. என்னுடையது அதே கம்பனியின் பழைய 071 எண்; அதில் முதல் பூச்சியத்தைத் தவிர வேறு பூச்சியமே இல்லை, அதனால்தான் அந்த டிங்.

அத்தான் திரையை எட்டிப் பார்த்தார். “இந்தக் கூரை மாதிரிக் கிடக்கிறதையா மறந்த நீ?”

“ஓம் அத்தான்.”

“வீட்டுக்குப் போட்டுட்டாய்தானே, விடு.”

மறுகா என்ன, அக்கா சோற்றைப் பார்சல் கட்டித் தந்தாள். எந்தப் படலைகளுக்குப் பயந்தேனோ, அவற்றையெல்லாம் நானே திறந்தேன். “சொல்லாத வீட்டுக்கு எப்பிடி வாற?” என்று முகத்தைத் தூக்கிவிட்டு, பிறகு கதிரை போட்டார்கள். தேத்தண்ணியில் மிதந்தேன். நாய்கள்கூடக் கடிக்கவில்லை.

இப்போதும் நான் எதைத் தொடங்கினாலும் அக்கா போனில் கேட்பது ஒன்றைத்தான்: “கூரை போட்டியாடா?”

அன்று எட்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பின்னேரங்களில் அந்தப் படலைகள் வரைக்கும் போவேன், திரும்பிவிடுவேன். கையில் பார்சல் இல்லாமல் என்ன சொல்லி உள்ளே போவது?

எட்டு வீடு, இன்னும் பாக்கி.