பச்சை அட்டை நாராயணசாமி

நாராயணசாமி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, அவர் எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து, வாசற்படி வரைக்கும் வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் திரும்பிப் போன அன்றைக்குத்தான். தியாகதுருகத்தில் நடந்தது இது. நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், வழியில் பஸ் பஞ்சராகி நாலு இருபதுக்கு வந்து சேர்ந்தார். கேசரி ஆறிப்போனதில் எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை. அவருக்குத்தான் வருத்தம்.

"நாலே காலுக்கு மேல ஆச்சுன்னா திரும்பிடறதுன்னு முடிவு பண்ணிக்கினு வந்தேங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வரேன்" என்றார்.

"அதான் வாசல் வரிக்கும் வந்துட்டீங்களே தம்பி, அப்புறம் இன்னா?" என்றார் சித்தப்பா.

"வர்றது வேறங்க. எறங்கறது வேற."

பையன் விமானப்படையில் பைலட் என்று தரகர் அவசர அவசரமாக எடுத்துச் சொன்னார், பைத்தியம் இல்லை என்பதற்குச் சாட்சியாக. என் தங்கை அம்சவள்ளி ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். அடுத்த ஞாயிறு மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்தார். அவளும் கட்டிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டவள், அப்புறம் நாற்பது வருஷம் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இந்த மாதிரி மனிதர்களுக்கு நான் மினிமக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் உறவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். எந்தக் காரியத்துக்கும் ஓர் அளவு வைத்திருப்பார்; அந்த அளவுக்குக் கீழே போனால் தானும் செய்யமாட்டார், உங்களையும் செய்ய விடமாட்டார்; ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லமாட்டார், நம்பர் சொல்வார்.

நாராயணசாமிக்கு அந்த நம்பர்கள் வந்தது அவர் தொழிலிலிருந்து. அதை எனக்கு அவரே விளக்கியிருக்கிறார், ஏறக்குறைய ஒவ்வொரு தீபாவளிக்கும். வானம் தெளிவாக இருந்தால் கண்ணால் பார்த்து விமானம் ஓட்டலாம். மேகத்துக்குள் புகுந்துவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. எதிரே இருக்கிற முள்ளையும் எண்ணையும் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அப்போது உடம்பு பொய் சொல்லுமாம். நேராகப் போகும்போது சாய்கிறாய் என்னும், சாயும்போது நேராகத்தான் போகிறாய் என்னும். உடம்பை நம்பினவன் தரைக்குப் போவான், கருவியை நம்பினவன் வீட்டுக்குப் போவான். இறங்குகிற இடத்துக்கும் அளவு உண்டு. மேகம் இவ்வளவுதான் தாழ்ந்திருக்கலாம், பார்வை இவ்வளவு தூரமாவது எட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சொன்ன உயரம் வரை இறங்கியும் ஓடுதளம் கண்ணில் படவில்லையா? தேடக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. மேலே ஏறி, மாற்று விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். அந்த மாற்று எது என்று கிளம்புமுன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதுவரை போக எண்ணெயும் இருக்க வேண்டும்.

இதில் ஓட்டுகிறவருடைய தகுதியும் சேர்ந்துகொள்ளும். பரீட்சை வைத்து அட்டை கொடுப்பார்களாம்: வெள்ளை, அதற்கு மேலே பச்சை, அதற்கும் மேலே மாஸ்டர் பச்சை. வெள்ளை அட்டைக்காரர் இறங்கக் கூடாத மூடுபனியில் மாஸ்டர் பச்சைக்காரர் இறங்கலாம். வருஷா வருஷம் மறுபடி பரீட்சை. தவறினால் அட்டை போச்சு. நம் நாராயணசாமி மாஸ்டர் பச்சை. இதைச் சொல்லும்போது, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் போலச் சொல்வார்.

நல்ல ஏற்பாடுதான். ஆகாயத்துக்கு.

ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, இறக்குவதற்கு விமானம் இல்லாமல் எங்களை இறக்க ஆரம்பித்தார். சந்தைக்குக் கிளம்புகிற அம்சவள்ளியிடம் கத்தரிக்காய்க்கு மாற்று எழுதித் தருவார். மழை வருமா என்று கேட்டால் வரும், வராது என்று சொல்லமாட்டார். உன் குடையின் நிலைமை என்ன என்று திருப்பிக் கேட்பார். காரில் பெட்ரோல் போடுவது போவதற்கு மட்டுமா? திரும்பி வர, வர முடியாவிட்டால் உளுந்தூர்பேட்டை வரை போக, அங்கேயும் ஏதாவது ஆகிவிட்டால் அரை மணி நேரம் சும்மா சுற்ற. அம்சவள்ளிக்குப் பசித்தால், "உடம்பு பொய் சொல்லும், மணி பதினொண்ணரைதான்" என்பார். அவருக்குப் பசித்தால்? அது கருவி.

உறவுக்காரர்கள் எல்லாருக்கும் மனசுக்குள் அட்டை கொடுத்து வைத்திருந்தார். பெரிய மைத்துனர் வெள்ளை. அவர் பிள்ளை, கொஞ்சம் கவனித்தால் பச்சையாகலாம். எனக்கு என்ன நிறம் என்று ஒரு தரம் கேட்டேன். "நீங்க ஓட்டறவங்க இல்லக்கா, சரக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் கல்யாணம் வந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பெண், ஷாலினி. கல்வராயன் மலையில், வெள்ளிமலை பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளையும் அதே ஊர்; அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே பந்தல். தை மாசம், முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. பெண்ணின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இறங்கி வந்தேன் என்று அவர் ஒரே ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதில் நம்பர் எதுவும் இல்லாததால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு மாசம் முன்னாலேயே மாற்றுத் தாள் தயாராகிவிட்டது. மேளக்காரர் வராவிட்டால் யார், சமையற்காரருக்குக் காய்ச்சல் வந்தால் யார், பூ வாடிவிட்டால் எந்தக் கடை என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் எழுதியிருந்தார்: பெண்ணின் தகப்பன் வராவிட்டால், மாற்று: தம்பி ராஜாங்கமும் அவர் சம்சாரமும். முடிவு நேரம்: எட்டு நாற்பது.

ராஜாங்கம் கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிறவர். தாளை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாண்ணா இது, அப்பனுக்குக் கூடவா ஸ்டெப்னி?"

"ஸ்டெப்னி இல்லாம நீ வண்டி எடுப்பியா?"

"எடுப்பேன். எடுத்துக்கினுதான் இருக்கேன்."

"அதான் உனுக்கு வெள்ளை அட்டை."

ஷாலினி மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பன் மகள்.

முதல் நாளே பெண்ணும், அம்சவள்ளியும், ராஜாங்கம் குடும்பமும் மலைக்குப் போயாயிற்று. நாராயணசாமி போகவில்லை. பெண்ணும் தகப்பனும் ஒரே வண்டியில் போகக் கூடாதாம். ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் இன்னொன்று மிஞ்ச வேண்டுமாம். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கேட்பதற்கு எவ்வளவு மங்களகரமான பேச்சு! களமருதூர் சொந்தக்காரர்களை வேனில் கூட்டிக்கொண்டு, முன்னால் தன் காரில் வழிகாட்டிப் போவதாக ஏற்பாடு. சரக்காகிய நானும் அந்த வேனில் இருந்தேன்.

காலை ஆறரை. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறுகிற இடம். மலையைக் காணோம். அப்படி ஒரு பனி. பாதை ஓரத்தில் வரிசையாக வெள்ளையடித்த கற்கள் இருக்கும், அதுவும் இல்லை. காரை நிறுத்தி இறங்கி வந்த நாராயணசாமி, வேன் டிரைவர் தஸ்தகீர் பாயிடம் கேட்டார்:

"எத்தினி கல்லு தெரியுது பாய்?"

"ஒண்ணு தெரியுது சார். ரெண்டாவது அரகொற."

"மூணு தெரிஞ்சாதான் நீங்க எடுக்கணும்."

"சார், இருபது வருசமா இந்த மலைக்கு ஆளுங்கள ஏத்தி எறக்கிக்கினு இருக்கேன். கண்ண மூடிக்கினு போவேன்."

"அதான் எனக்கு பயம். உங்களுக்கு இன்னா அட்டை?"

"ரேஷன் கார்டு இருக்குது சார். அரிசி கார்டு."

வேனே குலுங்கியது. அவர் சிரிக்கவில்லை. தான் முன்னால் போய் நிலைமை பார்த்துவிட்டு போன் செய்வதாகவும், அதுவரை யாரும் நகரக் கூடாது என்றும் சொன்னார்.

"உங்களுக்கு மட்டும் ஒரு கல்லு போதுமா?" என்று ஜன்னல் வழியே கேட்டேன்.

"நான் மாஸ்டர் பச்சைக்கா" என்றார். காரின் சிவப்பு விளக்கு ரெண்டு வளைவுக்குள் கரைந்துபோனது.

பாதி மலைக்கு மேலே, வெள்ளிமலை போய்ச் சேரும் வரைக்கும், போன் எடுக்காது என்பது அந்த வேனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்குச் சொன்னோமா? சொல்லவில்லை. போய்த் தொலையட்டும், கொஞ்ச நேரம் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று இருந்தோம். டீ வாங்கிக் குடித்தோம். நம்பர் இல்லாமல் சிரித்தோம்.

ஏழரைக்கு மூன்றாவது கல் தெரிந்தது. "அக்கா, எண்ணிக்கங்க, அப்புறம் எம்மேல பழி போடக் கூடாது" என்று தஸ்தகீர் பாய் என்னை எண்ண வைத்தார். எண்ணினேன். மூன்று. அவருடைய விதிப்படியே கிளம்பி, எட்டு இருபத்தைந்துக்கு வெள்ளிமலையில் இறங்கினோம். மேளம் நின்றது. ஷாலினி மணவறையிலிருந்து எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பெரிம்மா, அப்பா எங்க?"

"முன்னாடியே வந்தாரேடி!"

வரவில்லை. வழியில் எங்கள் கண்ணிலும் படவில்லை. போன் அடித்தால் அந்தப் பெண்குரல் ஏதோ சொல்லிவிட்டு வைத்தது. மாப்பிள்ளையின் மாமன்கள் ரெண்டு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். எட்டு முப்பத்தெட்டு ஆயிற்று. ஐயர் எங்கள் முகத்தைப் பார்த்தார், நாங்கள் பனியைப் பார்த்தோம்.

ஷாலினி போனை எடுத்து அந்தத் தாளைப் பார்த்தாள்.

"சித்தப்பா, வாங்க. சித்தி, நீங்களும்."

"ஐயோ, எனக்கு வேணாம்மா" என்று ராஜாங்கம் பின்வாங்கினார். "அண்ணன் வந்துரும். என்னால ஆவாது."

"இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கலான்டி" என்று அம்சவள்ளி அவள் கையைப் பிடித்தாள். "ஒம்போது வரிக்கும் டைம் கீதே."

"இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கலான்னு சொன்னவங்க போட்டோவத்தான் ஏர்போர்ஸ் மெஸ்ல மாலை போட்டு மாட்டி வெச்சிருக்காங்கன்னு அப்பா சொல்லுவாரும்மா. எட்டு நாப்பதுன்னா எட்டு நாப்பது."

குரல் உடையவில்லை. அது அவள் குரலே இல்லை, அவர் குரல். கண்ணிலிருந்து மட்டும் மை கரைந்து வழிந்துகொண்டிருந்தது. ராஜாங்கம் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, அவர் சம்சாரம் தண்ணீர் வார்த்தாள். ஸ்டெப்னி என்று சிரித்த மனிதர், வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தார். பெற்றவள் ரெண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு ஐம்பதுக்குத் தாலி ஏறியது.

எட்டு ஐம்பத்தேழுக்கு, முன்பின் தெரியாத ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து, முழங்கால் வரை சேற்றோடு, நாராயணசாமி வந்து இறங்கினார்.

மகளின் கழுத்தைப் பார்த்தார். தம்பியின் ஈரக் கையைப் பார்த்தார்.

"எத்தினி மணிக்கு?"

"எட்டு நாப்பதுண்ணா" என்றார் ராஜாங்கம், திருடி மாட்டிக்கொண்டவர் போல.

"கரெக்ட்" என்றார் நாராயணசாமி.

ஷாலினி எழுந்து வந்து அந்தச் சேற்றுக் காலில் விழுந்தாள். தலையில் கை வைத்தார். அப்புறம் கால் கழுவப் பந்தலுக்குப் பின்னால் போனார். ரெண்டு காலைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

என்ன நடந்தது என்பதைத் துண்டு துண்டாக, ரெண்டு மாசம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். பனிக்குள் கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று போனில் இருக்கிற வழிகாட்டியை நம்பியிருக்கிறார். அது இடது பக்கம் போ என்றது. போனார். தார் ரோடு மண் ரோடானது, மண் ரோடு வண்டித் தடமானது, வண்டித் தடம் மரவள்ளிக் கொல்லையானது. சக்கரம் புதைந்தது. ஆகாயத்தில் அவர் நம்பின கருவிகளை ஆள் வைத்துச் சோதித்துக் கொடுத்தார்கள். இந்தப் போனை யார் சோதித்தார்கள்?

"திரும்பற எடம் ஒண்ணு வந்துதுக்கா" என்றார். "ஒரு கல்லு கூட தெரில. அங்கியே திரும்பியிருக்கணும்."

"ஏன் திரும்பல?"

"இன்னும் கொஞ்சம் போனா தெரியும்னு தோணுச்சு."

"அந்த அட்டைய கடைசியா எப்பங்க புதுப்பிச்சீங்க?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஷாலினி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. பன்னிரண்டு வருஷம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் அட்டை என்ன நிறம்? நாற்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவன் என்கிறீர்களே, கடைசியாக யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்றார்கள்? நாலு பிள்ளை வளர்த்தவள், எனக்குச் சொல்லாதே என்று மருமகளை அடக்குகிறீர்களே, அந்தப் பரீட்சை நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று? பிள்ளைக்கு மூன்று கல், மருமகளுக்கு மூன்று கல், பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு, உங்களுக்கு எத்தனை? ஒன்று போதும் என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறதா? எனக்கும் சொல்கிறது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று எழுபது வருஷமாக ஒரு பச்சை அட்டையை மடியில் கட்டிக்கொண்டிருந்தவள்தான், மேலே போன் எடுக்காது என்ற ஒரு வார்த்தையை அன்றைக்கு அந்த மனிதரிடம் சொல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நாராயணசாமி இப்போதும் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறார். மாசம் ஒரு தரம், மகளைப் பார்க்க, வெள்ளிமலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து போகிறார்.