ஸ்தோத்திரம் அக்காவின் பின் சீட்

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. இதை நான் கோயில் வாசலில் நின்றும் சொல்வேன், சர்ச் வாசலில் நின்றும் சொல்வேன்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஸ்தோத்திரம் அக்கா. பால் பொங்கினாலும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்பார், பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தாலும் ஸ்தோத்திரம்.

என் கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. மகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வரும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். முதல் நாளே பூங்கா வேலியில் மோதி விழுந்தேன். அதன்பின் வண்டி குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று துணி காயவைக்க உதவியது.

ஒருநாள் பக்கத்து பிளாக்கிலிருந்து வந்த அக்கா, வண்டிமேல் கிடந்த துணிகளை அள்ளி என் கையில் கொடுத்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏறு."

"பயமா இருக்குக்கா."

"எனக்குந்தான். ஏறு, ஜெபம் பண்ணிக்கினே போலாம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நான் முருகனைக் கும்புடுறவக்கா."

"நீ உனக்குத் தெரிஞ்ச மாதிரி கும்புடு. நான் எனக்குத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லிக்கினு வரேன். வண்டிய எடு!"

வண்டி நகர்ந்ததும் அக்கா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு தொடங்கினார். அது ஜெபமா, நேர்முக வர்ணனையா என்று சொல்வது கஷ்டம். "ஆண்டவரே, எதிர்ல பஸ் வருது, இவ அதயே பாத்துக்கினு போறா! அப்பா, இவ பிரேக்கை மறந்துட்டா, நீங்க இவள மறந்துடாதீங்க!" நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் எங்கள் சத்தம் கேட்டதுமே ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள்.

ஒருமுறை பலாப்பழக்காரரின் குவியலுக்குள் நேராகப் புகுந்துவிட்டேன்.

"ஸ்தோத்திரம்! பழத்துக்கு ஒண்ணும் ஆவல" என்றார் அக்கா.

"பழம் நல்லாத்தாம்மா கீது. எனக்குத்தான் படபடன்னு வருது" என்றார் அவர்.

அக்கா இறங்கிப்போய் அவருக்காக அங்கேயே ஒரு ஜெபம் செய்தார். அந்த மனிதர் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றார், பாவம். பிறகு ஒரு பழத்தை அறுத்து எங்களுக்குச் சுளை கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே அக்கா எனக்குச் சொன்னதுதான் என் மொத்த டிரைவிங் பாடம். "பேலன்ஸ அவர் பாத்துப்பாரு. பிரேக்க நீதான் புடிக்கணும். அத ஆண்டவர் தலையில கட்டாத."

வண்டி ஒருவழியாகக் கைக்கு வந்தது. ஆனால் அக்கா பின்னால் இல்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டேன்.

ஒரு மதியம் மகளுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. உதடு வெளுத்துப்போனது. கணவர் சுரங்கத்துக்குள் இருந்தார், போன் போகவில்லை. ஆட்டோ கிடைக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா வீடு பூட்டிக் கிடந்தது.

மகளைப் பின்னால் ஏற்றி, துப்பட்டாவால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். வண்டியைக் கிளப்பினேன். ரவுண்டானாவில் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என்னை அறியாமல் வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, பேலன்ஸ நீங்க பாத்துக்குங்க! பிரேக் என் கையிலதான் இருக்கு! முருகா, நீயும் கூடவே வா!" ஒரு பஸ் டிரைவர் மிரண்டுபோய் எனக்கு வழி விட்டார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகளுக்கு மூச்சு சீரானது; பசிக்கிறது என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். முந்தின இரவு முழுக்க சபை ஜெபத்தில் விழித்திருந்து, காலையில் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்த் திரும்பிய களைத்த முகம். மகளின் தலையைத் தடவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவ்ளோ பேருக்குச் சொல்லித் தரீங்க, நீங்க ஏன்க்கா வண்டி ஓட்டறதில்ல?" என்று கேட்டேன்.

"வடலூர் ரோட்ல வண்டி மோதி என் வூட்டுக்காரரு செத்துப் போனாரு இல்ல, அப்ப நான் பின்னால குந்திகினு இருந்தேன்டி" என்றார். "அப்பறம் வண்டிச் சத்தம் கேட்டாலே ஒடம்பு ஆடும். ஆண்டவரே, இந்தப் பயத்த எடுத்துடுங்கன்னு அழுதேன். அவர் எடுக்கல. வூட்டுல குந்திகினு இருந்தா அது வளந்துகினே போச்சு. பயப்படறவ இன்னொருத்தி பின்னால குந்திகினா, அவளுக்காக ஜெபம் பண்ணவே நேரம் சரியாப் பூடுது. என் பயத்த நெனைக்க எங்க நேரம்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் மகளைத் தன் பைக்கில் அழைத்துப்போனார். அக்கா என் பின்னால் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் பின்னாலிருந்து சத்தமே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியும் ஒரு ஸ்தோத்திரம் வரவில்லை. பதறிப்போய் "அக்கா?" என்றேன். மெல்லிய குறட்டைதான் பதிலாக வந்தது. என் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார்.

பெரிய ரோட்டை விட்டு மரநிழல் ரோட்டில் திருப்பி, வேகத்தைக் குறைத்தேன். குறுக்கே ஒரு மயில் வந்தது. ஹாரன் அடிக்காமல், காலை ஊன்றி, அது நிதானமாகக் கடந்து போகும்வரை நின்றேன்.