சிவப்புக் கோடு

மார்க்கர் அழியவில்லை. மனோகரன் எச்சில் தொட்டுத் தேய்த்தார், சட்டைக் கையால் தேய்த்தார். சிவப்புக் கோடு அசைந்து கொடுக்கவில்லை.

செனாய் ஊரிலுள்ள தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அந்த வரைபடம் ஐந்து வருடமாகத் தொங்குகிறது. நாளுக்கு நானூறு பெட்டி கட்டியவர்கள், அதே ஆட்களோடு இப்போது எழுநூறு கட்டுகிறார்கள் என்று அதில் ஒரு நீலக் கோடு விறுவிறுவென்று ஏறும். இதே தாளில் நம் சம்பளத்தைப் போட்டால் எப்படியிருக்கும்? மனுஷனுக்கு அரிப்பு தாங்கவில்லை, சிவப்பு மார்க்கரால் போட்டுப் பார்த்துவிட்டார். அது அடியிலேயே படுத்த படுக்கையாகக் கிடந்தது, பாவம்.

"இந்த வருஷமும் ஏத்தலைன்னா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடுங்க" என்று மனைவி சாந்தினி வேறு கெடு வைத்திருந்தாள். விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளோடு எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பெயிண்ட் தின்னர் கொண்டுவந்து துடைத்தார். நீலக் கோடு பாதி காணாமல் போனது. சிவப்பு அப்படியே இருந்தது. பதறிப்போய் நீலத்தைக் குத்துமதிப்பாக வரைந்தார். அவசரத்தில் அது எண்ணூறைத் தாண்டிவிட்டது.

"அலமாக்! என்ன மனோ இது?"

பின்னால் சூப்பர்வைசர் கமலநாதன்.

"சார், அது வந்து..."

"கீழ சிவப்பு, ரிஜெக்ட் ஆன பெட்டியா? பெட்டி இவ்வளவு ஏறியும் ரிஜெக்ட் ஏறவே இல்லையா? சூப்பர் லா! பெரிய பாஸ் இன்னிக்கு இங்கதான் இருக்காரு."

வாய் திறப்பதற்குள் படம் வாட்ஸ்அப்பில் பறந்துவிட்டது.

பத்தே நிமிடத்தில் பெரிய பாஸ் வந்து நின்றார். கூடவே ஆபீசில் சம்பளம் போடும் லோஷினி. பாஸ் சிவப்பைத் தொட்டுக் காட்டி, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். மனோகரனுக்குப் பயம்தான். ஆனால் இதை விட்டால் பாலம்தான்.

"பாஸ், அது ரிஜெக்ட் இல்ல. எங்க சம்பளம்" என்று மலாயில் போட்டு உடைத்தார்.

கமலநாதன் முகம் வெளிறியது. பாஸ் இரண்டு கோடுகளையும் விரலால் அளந்து பார்த்தார். பிறகு லோஷினியை அழைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனோகரன் ஒரு பெட்டிகூடக் கட்டாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். லோஷினி வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

"என்னம்மா, ஏத்திட்டாரா?"

"ஏத்திட்டாருண்ணே! இந்தக் கோட்ட அஞ்சு வருஷமா ஏறவிடாம பிடிச்சு வச்சது யாருன்னு கேட்டாரு. நான்தான்னு சொன்னேன். உடனே எனக்கு இன்கிரிமெண்ட்!"