அதிகாரியைக் கட்டி இழுத்து வந்தோம்

ரூசே,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பும் மரியாதையும் நிறைந்த லூபென் அண்ணாவுக்கு,

உன் தங்கை நெவேனா எழுதுவது. இங்கே நானும் என் மருந்துக்கடையும் நலம். முழங்கைச் சிராய்ப்பும் ஆறிவருகிறது. அங்கே புர்காஸில் கடல்காற்று அண்ணியின் மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் என்று நம்புகிறேன். இத்துடன் அனுப்பியிருக்கும் தைலம் முழங்காலுக்கு. போன தடவை நீ செய்ததுபோல் ரொட்டியில் தடவிவிடாதே.

மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயம். வசந்தகாலத்தில் நான் தோழமைச் சங்கத்தில் சேர்ந்து ஒரு குழந்தைக்கு மூத்த தோழியாக இருக்கப்போகிறேன் என்று சொன்னபோது போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "உனக்கா? கள்ளிச்செடியைக்கூடக் காயவிட்டவ நீ! ஒரே வாரத்துல அந்தப் பொண்ணக் கொண்டுபோய்த் திருப்பி விட்டுடுவ, பாரு" என்றாய். அண்ணி பின்னாலிருந்து "சும்மா இருங்களேன்" என்றதும் கேட்டது. அண்ணா, இந்தக் கடிதத்தை எழுந்து நின்று படி. உட்கார்ந்து படிக்கிற கடிதம் இல்லை இது.

அந்தப் பெண்ணின் பெயர் இஸ்க்ரா. பத்து வயது. அப்பா ஜெர்மனிப் பக்கம் லாரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் வேலை, சனிக்கிழமையெல்லாம் பிள்ளை வீட்டில் தனியாக. எனக்கு முன்னால் இரண்டு பேர் அவளுக்குத் தோழியாக வந்து, ஒருத்தி வேலை மாற்றம் என்று போனாள், இன்னொருத்தி போனையே எடுப்பதில்லை. சங்கத்துச் செயலாளர் திருமதி வெலிகோவா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என்னிடம் ரகசியமாக, "கொஞ்சம் கஷ்டமான பொண்ணும்மா. மூணாவது ஆளும் சரிவரலைன்னா திட்டத்துலேருந்தே எடுத்துட வேண்டியதுதான்" என்றார். ரகசியம் அறை முழுக்கக் கேட்டது. இஸ்க்ரா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "நீங்க எத்தனை வாரம்?"

பதிலுக்கு அவளை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பயனுள்ள இடம் என்றுதான் போனேன். ராத்திரியெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து, பல்கேரிய அரசர்களை வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது அரசர் வருவதற்குள் அவள் கொட்டாவி விட்டாள். அங்கே வருகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்கென்று இரும்புத் தொப்பி ஒன்று வைத்திருந்தார்கள், போர்வீரனுடையது மாதிரி செய்தது. "போட்டுக் காட்டுங்க" என்றாள். கொட்டாவியை நிறுத்த எதுவும் செய்யத் தயாராக இருந்தேன், போட்டேன். கழற்ற வரவில்லை. காவலாளி இழுத்தார், பள்ளிக்கூடச் சுற்றுலா வந்த ஒரு வாத்தியார் இழுத்தார், வாத்தியாரை மாணவர்கள் இழுத்தார்கள். கடைசியில், என் கடையில் கிளிசரின் இருக்கிறது, வழுக்கி எடுத்துவிடலாம் என்று சொல்லி, என் அடையாள அட்டையை மியூசியத்தில் அடகு வைத்துவிட்டு அந்தத் தலையோடேயே டிராலி பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இஸ்க்ரா எல்லாருக்கும் கேட்கும்படி, "வழி விடுங்க, அவங்க போருக்குப் போறாங்க" என்றாள். கண்டக்டரம்மா சளைக்கவில்லை: "போருக்குப் போனாலும் டிக்கெட் எடுக்கணும்!" அப்போது சிரித்தாள் அண்ணா, அந்தப் பிள்ளை. இறங்கும்வரை நிறுத்தவில்லை. இரும்புக்குள்ளே இருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கோயில் மணி மாதிரி கேட்டது. தொப்பி கழன்றதா என்றால், கழன்றது. என் முடி கொஞ்சம் அதோடு போனது.

அடுத்த முறை வரைபடம் பார்த்து ஊர் போகக் கற்றுக்கொடுக்கலாம் என்று குன்றுப்பக்கம் போகிற ரயிலுக்குப் புறப்பட்டோம். வரைபடத்தை நான்தான் பிடித்திருந்தேன், அதனால்தான் வேறு ரயிலில் ஏறிவிட்டோம், பெயரே கேள்விப்படாத ஒரு கிராமத்தில் இறங்கினோம், இறங்கியதும் ஒரு கூட்டம் மத்தளத்தோடு ஓடிவந்து எங்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து ரொட்டியும் உப்பும் நீட்டியது. கல்யாணவீடு. சோஃபியாவிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளையின் அத்தை நான் என்று நினைத்துவிட்டார்கள். "இல்லைங்க, நாங்க வந்தது..." என்று நான் ஆரம்பிக்க, இஸ்க்ரா என் காலை மிதித்தாள். "அத்தைக்குப் பசி" என்றாள். சுட்ட ஆடு, மிளகாய்ச் சட்னி, ராக்கியாச் சாராயம் எல்லாம் எங்கள் பக்கம் வந்தன. கைகோத்து ஹோரோ ஆடினோம், எனக்கு அடி தப்பும்போதெல்லாம் இஸ்க்ரா "இடது! இடது! அது உங்க வலது!" என்று கத்தினாள். நிஜ அத்தை வந்து இறங்கியபோது நான் ஆட்ட வரிசையின் முன்னால் நின்று கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் நல்லவள், "இருக்கட்டும், நமக்கு ரெண்டு அத்தை" என்று பக்கத்தில் கைகோத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வெலிகோவாவின் போன். "எங்கே இருக்கீங்க?" "புவியியல் படிக்கிறோம்." "அது என்ன மத்தளச் சத்தம்?" அண்ணா, புவியியலில் மத்தளம் எங்கே வருகிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே சங்கத்துக்கு வரச்சொன்னார். "அடுத்த தடவை நானே வந்து கூட இருந்து பாக்கப்போறேன். பொறுப்பில்லாத ஆள்கிட்ட பிள்ளைய விட முடியாது." அடுத்தது, சங்கமே நடத்துகிற தெப்பப் போட்டி. ஒரு பெரியவர், ஒரு குழந்தை, கையால் செய்த தெப்பம், ஏரியின் அக்கரைக்குப் போய் மணியடிக்க வேண்டும். தண்ணீர் என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் வர்ணா கடலில் என்னைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டது யார் என்றும் தெரியும்.

கடையில் சேர்ந்துகிடந்த காலி பிளாஸ்டிக் கேன்களைக் கொண்டு தெப்பம் கட்டினோம். எது எதனால் மிதக்கிறது என்று நான் குளியல்தொட்டியை நிரப்பி விளக்க, அவள் என் சோப்புப் பெட்டி, செருப்பு, பாதி வெங்காயம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துத் தானே புரிந்துகொண்டு, "கேனையெல்லாம் ஓரத்துல கட்டணும், நடுவுல கட்டினா கவுந்துடும்" என்றாள். நான் நடுவில் கட்டியிருந்தேன். அவிழ்த்துக் கட்டினோம்.

நேற்றுதான் போட்டி. மற்றவர்களெல்லாம் "ஹோ"வென்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கரையில். கால் எழவில்லை அண்ணா. வெலிகோவா வாடகைக்கு எடுத்த அன்னப்பறவை வடிவப் பெடல் படகில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார். இஸ்க்ரா தெப்பத்தில் மண்டியிட்டபடி, கத்தாமல், மெதுவாகக் கேட்டாள்: "பரவால்ல. நீங்களும் விட்டுட்டுப் போறீங்களா?"

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதே, ஏறும்போதுதான் முழங்கை சிராய்த்தது. கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் போட்டேன், எங்கள் தெப்பம் முதலில் ஒரு முழு வட்டம் அடித்தது. "கண்ணத் தொறங்க! கொக்கு மேல இடிக்கப்போறோம்!" திறந்தேன். கொக்கு பறந்தது. நாங்களும் பறந்தோம் என்று சொல்ல ஆசை, ஊர்ந்தோம். நடு ஏரிக்கு வந்தபோது "காப்பாத்துங்க!" என்று ஒரு குரல். பார்த்தால் அன்னம். திருமதி வெலிகோவா மிதிக்கிறார், மிதிக்கிறார், பெடல் சும்மா சுற்றுகிறது, படகு காற்றோடு நாணல் புதருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மற்றவர்களெல்லாம் மணியை நோக்கிப் போய்விட்டார்கள். "நாம கடைசிதான் வருவோம்" என்றேன். "எப்படியும் கடைசிதான்" என்றாள் இஸ்க்ரா. கயிற்றை வீசினாள். "புடிங்க மேடம்! அன்னத்தோட கழுத்துல கட்டுங்க! உங்க கழுத்துல இல்ல, அன்னத்தோட கழுத்துல!"

இழுத்தோம் அண்ணா. நாற்பத்தேழு வயதில் உன் தங்கை ஒரு பிளாஸ்டிக் அன்னத்தையும் ஒரு அதிகாரியையும் ஏரி முழுக்கக் கட்டி இழுத்தாள். கரையில் ஜெயித்தவர்கள் பதக்கத்தை மறந்து எழுந்து நின்றார்கள், எல்லாரும் தாளம் போட்டு "இஸ்க்-ரா! நெ-வே-னா!" என்று கத்தினார்கள், தரை தட்டியதும் இஸ்க்ரா குதித்து ஓடி அந்த மணியை நாக்கு கழன்று விழும்வரை அடித்தாள். எங்கள் துடுப்பு தெளித்த தண்ணீரில் நனைந்திருந்த வெலிகோவா சொட்டச் சொட்ட இறங்கி, கண்ணாடியைத் துடைத்தார், அதுவும் ஈரம், ஈரத்தால் ஈரத்தைத் துடைத்தபடி, "ஒரு வருஷத்துக்கு நீட்டிச்சிடலாம். இவ்வளவு பொறுப்பான ஜோடிய நான் பாத்ததில்ல" என்றார். பொறுப்பான! இந்த வார்த்தையை அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டு. இஸ்க்ரா என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு வண்டி வரை வந்தாள். விடவில்லை.

ஆகவே, உன் வார்த்தைகளை நீ வாபஸ் வாங்கலாம். அண்ணியின் முழங்கால் வலியில்லாமல் படியேறட்டும், உன் நாக்கு கொஞ்சம் படியிறங்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் என் முத்தங்கள்.

பொறுப்புள்ள தங்கை,
நெவேனா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது இஸ்க்ரா வந்தாள். முழுக்கப் படித்தாள். "படகு தானா நிக்கல" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு இரும்புத் திருகாணியை எடுத்து மேஜையில் வைத்தாள். பெடலில் இருந்ததாம். நேற்றுக் காலை வெலிகோவா அந்தப் படகை எடுத்ததுமே கழற்றிவிட்டாளாம். நல்லது கெட்டது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "நீங்க நல்லா செய்யலைன்னா உங்கள மாத்திடுவாங்கன்னு மேடம் சொன்னாங்க. உங்களப் பாத்தா நல்லா செய்யற மாதிரி தெரியல. எனக்கு வேற ஆள் வேணாம்" என்றாள். அண்ணா, இருபது வருஷமாக டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை கொடுத்தவள் இல்லை நான். ஆணியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெலிகோவாவுக்குத் தெரிவதற்குள் அதை அன்னத்தில் திரும்ப மாட்டியாக வேண்டும். ஸ்பானர் பெட்டியோடு புறப்பட்டு வா. வந்ததும் முதலில் என்னைத் திட்டு, அவளைத் திட்டாதே. கடிதத்தை எரித்துவிடு, "பொறுப்பான" என்ற வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொள்.